ஓவல் பந்தயத்துக்கு எப்படிக் கூட்டம் சேர்ப்பது: தனி இரவா, இரட்டைப் பந்தயமா, கச்சேரியா, நாஸ்காரின் தோளா?

2015 ஜூன் 27 அன்று கலிஃபோர்னியாவின் ஃபான்டானாவில் நடந்த இண்டிகார் (சக்கரங்கள் வெளியே தெரியும் கார்கள் ஓடும் அமெரிக்கத் தொடர்) பந்தயத்தில் முன்னிலை 80 முறை கைமாறியது. 2 மைல் ஓவலில், அதாவது நீள்வட்ட ஓடுதளத்தில், நான்கைந்து கார்கள் தோளோடு தோள் உரசியபடி 500 மைல் ஓடின. கடைசியில் கிரஹாம் ரேஹல் ஜெயித்தார். டிவியில் பார்த்தவர்கள் இருக்கை நுனிக்கு வந்துவிட்டார்கள். ஓடுதளத்தில் இருந்த இருக்கைகளில்தான் ஆளில்லை. அடுத்த ஆண்டு அட்டவணையில் ஃபான்டானாவே இல்லை.

அந்தத் தளத்தின் தேதிகளைப் பார்த்தால் காரணம் பாதி விளங்கிவிடும். 2012இல் செப்டம்பர் 15, 2013இல் அக்டோபர் 19, 2014இல் ஆகஸ்ட் 30, 2015இல் ஜூன் 27. முதல் மூன்றும் சீசனின் கடைசிப் பந்தயம், இரவு நேரம். நான்காவது, கோடையின் மொட்டை வெயிலில் மதியம். நான்கு வருடத்தில் நான்கு தேதி. போன வருடம் வந்தவருக்கே இந்த வருடம் எப்போது என்று தெரியாத ஒன்றுக்கு யார் முன்கூட்டி டிக்கெட் எடுப்பார்கள்?

பந்தயம் நன்றாக இருந்தால் கூட்டம் தானாக வரும் என்ற நம்பிக்கை ஃபான்டானாவில் பொய்த்தது. அப்படியானால் எது கூட்டத்தைக் கொண்டுவருகிறது? ஓவல் தளம் வைத்திருப்பவர் ஒருவர் இண்டிகார் பந்தயம் நடத்தலாமா என்று யோசித்தால், இன்று அவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கையும் அமெரிக்காவில் வெவ்வேறு ஊர்கள் சோதித்துப் பார்த்துவிட்டன. தேறியது எது, கையைச் சுட்டது எது என்பதற்கு உதாரணங்கள் உண்டு.

இண்டிகாரின் தலையாய பந்தயமான இண்டியானாபொலிஸ் 500 இந்தக் கணக்கில் சேராது. அதை ஏன் ஒதுக்குகிறோம் என்பதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் காசு யாருடையது என்று பாருங்கள்

இண்டிகார் பந்தயம் நடத்தும் ப்ரமோட்டர் தொடருக்கு ஒரு கட்டணம் கட்ட வேண்டும். அது ஏழு இலக்கத்தைத் தொடும். டிவி உரிமைப் பணத்தில் அவருக்குப் பங்கு கிடையாது. அவருக்கு வருவது டிக்கெட், பந்தயப் பெயரை வாங்கும் ஸ்பான்சர், நிறுவனங்கள் விருந்தினர்களுக்காக எடுக்கும் கூடாரங்கள், சாப்பாடு, பார்க்கிங், அவ்வளவுதான்.

சாலைக் கார் வடிவப் பந்தயக் கார்கள் ஓடும் நாஸ்கார் தொடரில் கதை வேறு. பல ஆண்டுகளாக அங்கே டிவி வருமானத்தில் 65 சதவீதம் ஓடுதளங்களுக்கே போனது. கேலரி பாதி காலியாக இருந்தாலும் தளத்தின் கணக்குப் புத்தகம் சிரிக்கும். அதனால்தான் 1990களில் நாஸ்காரை நம்பிக் கட்டிய தளங்கள் பிரம்மாண்டமானவை. 1997இல் திறந்த டெக்சஸ் மோட்டார் ஸ்பீட்வேயில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் இருக்கைகள் இருந்தன. அங்கே 25,000 பேர் வந்தாலும் பாலைவனத்தில் பயிர் போட்டது போலத்தான் தெரியும். அதே 25,000 பேர் நாஷ்வில் சூப்பர்ஸ்பீட்வேயில் உட்கார்ந்தால் நிரந்தர கேலரி நிரம்பிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20,000 பேர் சராசரியாக 50 டாலருக்கு டிக்கெட் வாங்கினால் 10 லட்சம் டாலர். தொடருக்குக் கட்டும் தொகையிலேயே இதில் பெரும்பகுதி கரைந்துவிடும். போலீஸ், ஆம்புலன்ஸ், துப்புரவு, விளம்பரம், காப்பீடு எல்லாம் அதற்கு மேல். ஆகவே பந்தயப் பெயரை வாங்கும் ஸ்பான்சர் கட்டணத்தைச் சுமக்க வேண்டும், டிக்கெட் மற்ற செலவையும் லாபத்தையும் சுமக்க வேண்டும். இரண்டில் எது ஆடினாலும் அந்தப் பந்தயம் இரண்டு வருடத்தில் காணாமல் போகும். கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்த இரண்டு கால்களில் நிறுத்திப் பார்த்தால் போதும்.

எண்ணிக்கையை நம்புமுன்

கூட்டக் கணக்கில் நிறைய புகை உண்டு. லாங் பீச் போன்ற தெருப் பந்தயங்கள் மூன்று நாள் வருகையைக் கூட்டிச் சொல்கின்றன. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வந்த ஒருவர் அங்கே மூவர். ஓவலில் பெரும்பாலும் பந்தய நாள் ஒன்றுதான் எடுபடும். ஆகவே இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, மாத வாடகையையும் வருட வாடகையையும் ஒப்பிடுவது மாதிரி. பல ஓவல் தளங்கள் அதிகாரபூர்வமாக எண்ணிக்கையே சொல்வதில்லை.

நீங்களே மதிப்பிட வேண்டுமானால் படத்தில் இரண்டு படிக்கட்டுகளுக்கு இடையிலான ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசைகளை எண்ணுங்கள், ஒரு வரிசைக்கு எத்தனை இருக்கை என்று தளத்தின் டிக்கெட் வரைபடத்தில் பாருங்கள். பலகை இருக்கையானால் ஒருவருக்கு ஏறத்தாழ 45 செ.மீ. என்று கணக்கு. பிறகு ஒவ்வொரு பகுதியும் கால்வாசியா, பாதியா, முக்கால்வாசியா என்று குறித்துக் கூட்டுங்கள். இரண்டு இடத்தில் ஏமாறுவோம். ஓவலில் மேல் வரிசைதான் நல்ல இடம். கீழே உட்கார்ந்தால் தடுப்பு வலை கண்ணை மறைக்கும், எதிர்ப்பக்க நேர்பாதை தெரியவே தெரியாது. அதனால் மேல் வரிசைகள் முதலில் நிரம்பும், கேமராவுக்கு முன்னால் வரும் கீழ் வரிசைகள் காலியாகக் கிடக்கும். டிவியில் தெரிவதைவிட உண்மையான கூட்டம் எப்போதும் சற்று அதிகம். இரண்டாவது, வெயில். ஜூலை மதியத்தில் டிக்கெட் எடுத்தவர்களில் ஒரு பங்கினர் கேலரிக்கு அடியில் நிழலில் பீர் கோப்பையோடு நிற்பார்கள். பந்தயம் தொடங்கும் நேரத்தில் எடுத்த படத்தை நம்புங்கள். பாதியில் எடுத்ததை நம்பாதீர்கள்.

இலவச டிக்கெட் இன்னொரு புகை. ஸ்பான்சர் தன் வாடிக்கையாளர்களுக்கு மொத்தமாக விநியோகித்த டிக்கெட்டும் ‘விற்றது’ என்ற கணக்கில் வரும். காசு கொடுத்தவர் தூறலிலும் வருவார். சும்மா வாங்கியவர் மேகத்தைப் பார்த்ததும் வீட்டிலேயே இருந்துவிடுவார்.

வழி ஒன்று: ஒரே ஒரு பந்தயம், மாலையில், உள்ளூர் முதலாளி

இதற்கு மாதிரி, செயின்ட் லூயிஸ் நகருக்கு எதிரே மிசிசிப்பி ஆற்றைத் தாண்டியதும் இல்லினாயின் மேடிசனில் இருக்கும் 1.25 மைல் தளம். முன்பு கேட்வே, 2019 முதல் வேர்ல்ட் வைட் டெக்னாலஜி ரேஸ்வே. 2010இல் அப்போதைய உரிமையாளர்களான டோவர் மோட்டார்ஸ்போர்ட்ஸ் அதை மூடிவிட்டார்கள். அடுத்த ஆண்டு உள்ளூர்க்காரரான கர்ட்டிஸ் ஃபிராங்க்வா அதைக் கையில் எடுத்தார். 2017இல் தளத்துக்குப் புதுத் தார் போட்டு இண்டிகாரைத் திரும்ப அழைத்துவந்தார்.

இங்கே சரியாக அமைந்தவை மூன்று. முதலாவது, பந்தயப் பெயர். பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த பொம்மரிட்டோ, செயின்ட் லூயிஸ் பகுதியின் கார் விற்பனைக் குழுமம். அந்த ஊரில் அதைத் தெரியாதவர் குறைவு. கார் வாங்க வருபவரிடம் பந்தயத்தைப் பற்றிப் பேச அதன் ஒவ்வொரு ஷோரூமும் ஒரு கடை. தேசிய அளவிலான ஒரு கம்பெனி டிவியில் தன் பெயர் எத்தனை முறை வந்தது என்று எண்ணிவிட்டுக் கிளம்பிப் போகும். உள்ளூர்க் கம்பெனி காலி இருக்கையைப் பார்த்துக் கூச்சப்படும், ஏனென்றால் மறுநாள் அதே ஊரில்தான் வியாபாரம் பண்ண வேண்டும்.

இரண்டாவது, தேதி. 2017 முதல் 2024 வரை எட்டு ஆண்டும் ஆகஸ்ட். வாரம் முன்பின் ஆனாலும் மாதம் மாறவில்லை. ஆகஸ்ட் கடைசி என்றால் கேட்வே என்று அந்த வட்டாரத்துக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. மூன்றாவது, தள உரிமையாளரும் ப்ரமோட்டரும் ஒருவரே. பீர் விற்ற காசும் பார்க்கிங் காசும் அவர் கைக்கே வரும் என்பதால் டிக்கெட் விலையைத் தாழ்த்தி வைக்க அவரால் முடியும். தளத்தை வாடகைக்கு எடுக்கும் ப்ரமோட்டருக்கு அந்த வசதி இல்லை. அவர் டிக்கெட்டிலேயே எல்லாவற்றையும் பிழிந்தாக வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. இந்தத் தளத்தின் வளைவுகளில் நல்ல பிடி கிடைப்பது ஒரே தடத்தில்தான். வெளித்தடத்தில் தேய்ந்த ரப்பர் துகள் குவிந்துவிட்டால் அதில் இறங்கிய கார் நேராகச் சுவருக்குப் போகும். முந்துவது குறைந்தால் அந்த வருடக் கூட்டம் குறையாது, டிக்கெட் ஏற்கெனவே விற்றாயிற்று. அடுத்த வருடம்தான் அடிவாங்கும். இதற்கு இண்டிகார் இரண்டு மருந்து பார்த்தது: பந்தயத்துக்கு முன் சில கார்களை வெளித்தடத்திலேயே ஓடவிட்டு அங்கேயும் ரப்பர் படிய வைப்பது, 2023இல் இங்கே செய்தது போல மென்மையான இன்னொரு வகை டயரையும் கட்டாயமாக்கி, கார்களின் வேகம் வெவ்வேறு நேரத்தில் விழும்படி செய்வது. இரண்டும் ஓரளவு பலித்தன.

2025இல் தேதி ஜூன் 15க்கு நகர்ந்தது. டிவி முக்கிய நேரத்துக்காக ஞாயிறு இரவுப் பந்தயம். இதில் எச்சரிக்கை ஒன்று உண்டு. சனிக்கிழமை இரவு என்றால் 300 கி.மீ. தள்ளியிருப்பவர் கூட வருவார். ஞாயிறு இரவு பத்து மணிக்குப் பந்தயம் முடிந்தால், திங்கள் காலை வேலைக்குப் போக வேண்டியவர் யோசிப்பார். டிவி நிறுவனம் தரும் நேரத்தை ஏற்குமுன் டிக்கெட் விற்ற அஞ்சல் எண்களைப் பட்டியலிட்டு, எத்தனை சதவீதம் இரண்டு மணிநேரப் பயணத்துக்கு அப்பால் என்று பாருங்கள். நான்கில் ஒரு பங்குக்கு மேல் என்றால் ஞாயிறு இரவு உங்களுக்கு ஆகாது.

வழி இரண்டு: இரண்டு நாள், இரண்டு பந்தயம், நான்கு கச்சேரி

அயோவாவின் நியூட்டனில் 0.875 மைல் தளம். 2006இல் திறந்தது, வடிவமைப்பு முன்னாள் நாஸ்கார் சாம்பியன் ரஸ்டி வாலஸ், 2013 முதல் நாஸ்கார் நிறுவனத்தின் சொத்து. 2021இல் இண்டிகார் இங்கே வரவில்லை. 2022இல் மேற்கு டெ மாய்னைத் தலைமையகமாகக் கொண்ட ஹை-வீ சூப்பர்மார்க்கெட் நிறுவனம் பந்தயத்தைத் தூக்கி நிறுத்தியது.

அவர்கள் செய்தது அமெரிக்க ஓவல் பந்தயம் அதுவரை பார்க்காதது. சனியும் ஞாயிறும் தலா ஒரு பந்தயம். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் ஒரு கச்சேரி, பின்னால் ஒரு கச்சேரி. முதல் ஆண்டில் டிம் மெக்ராவும் ஃப்ளோரிடா ஜார்ஜியா லைனும் சனிக்கிழமை. க்வென் ஸ்டெஃபானியும் பிளேக் ஷெல்டனும் ஞாயிறு. 2023இல் கேரி அண்டர்வுட், கென்னி செஸ்னி, சாக் பிரவுன் பேண்ட், எட் ஷீரன். சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன ஊருக்கு எட் ஷீரன் வந்து பாடினார் என்றால் வராமல் இருப்பார்களா? வந்தார்கள். கேலரி நிறைந்தது, வாகன வரிசை நீண்டது, டிவிப் படமும் அழகாக இருந்தது.

ஆனால் இது யானையைக் கட்டித் தீனி போடும் வேலை. முன்னணிப் பாடகர்கள் நால்வருக்கான தொகையை அந்தத் தளத்தின் டிக்கெட் வருமானம் தாங்காது. சூப்பர்மார்க்கெட்டும் அதற்குப் பொருள் விநியோகிக்கும் கம்பெனிகளும் சேர்ந்து விளம்பரச் செலவாக எழுதினால்தான் தாங்கும். ஒரே டிக்கெட்டில் இரண்டும் என்பதால், பந்தயத்துக்கு மட்டும் வர விரும்பும் பழைய ரசிகரும் கச்சேரிக்குச் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டிவந்தது. கச்சேரிக்கு வந்தவரோ, தனக்குப் பிடித்த பாடகர் முடித்ததும் கிளம்பினார். அவரைப் பந்தய ரசிகராக மாற்ற மூன்று வருடம் போதவில்லை.

2025இல் கச்சேரிகள் இல்லை. ஹை-வீயின் இடத்தில் தானியக் கிடங்குகள் செய்யும் ‘சுகப்’ என்ற அயோவா நிறுவனம் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தது. பேட்டோ ஓ’வார்டும் அலெக்ஸ் பலோவும் ஆளுக்கொரு நாள் ஜெயித்தார்கள். கேலரியில் பள்ளங்கள் பளிச்சென்று தெரிந்தன. 2026 அட்டவணையில் அயோவா இல்லை.

கச்சேரியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போவது நியாயமாக இருக்காது. 2024 ஜூனில் நாஸ்காரின் முதன்மைத் தொடரான கப் பந்தயம் முதன்முறையாக இந்தத் தளத்துக்கு வந்து முழுவதும் விற்றுத் தீர்ந்தது. அயோவாக்காரரின் பந்தயச் செலவு ஜூனிலேயே முடிந்துவிட, ஜூலையில் இண்டிகாருக்கு இரண்டாவது முறை பர்ஸைத் திறக்க வேண்டியிருந்தது. அந்த நாஸ்கார் பந்தயத்துக்காக வளைவுகளில் ஒரு பகுதிக்கு மட்டும் புதுத் தார் போட்டார்கள். பழைய தாரில் மேலும் கீழுமாக மூன்று நான்கு தடத்தில் ஓடிய இண்டிகார் கார்கள், பிடி அதிகமான புதுப் பட்டையிலேயே ஒட்டிக்கொண்டன. ஒரு காலத்தில் முந்துவதற்குப் பேர்போன தளம் ஊர்வலமாகிப்போனது. தளம் தன் கையில் இல்லாத ப்ரமோட்டர் தார் விஷயத்திலும் வாய்திறக்க முடியாது, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரட்டைப் பந்தயம் என்ற யோசனையைத் தனியாக எடுத்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. செலவு இரட்டிப்பாகாது, அணிகள் ஒருமுறைதான் வருகின்றன, பாதுகாப்பு ஏற்பாடும் ஒன்றே. அதுவரை லாபம். ஆனால் ரசிகர் கூட்டம் இரட்டிப்பாகாது. சனிக்கு வருபவர் ஞாயிற்றுக்கு வருவதில்லை, அல்லது நேர்மாறு. 30,000 பேர் வரக்கூடிய ஊரில் இரண்டு நாளும் 15,000 என்று பிரிந்தால் இரண்டு நாளும் டிவியில் கேலரி பாதி காலி. மில்வாக்கி 2024இல் இரண்டு பந்தயத்தோடு திரும்பி வந்து 2025இல் ஒன்றாகக் குறைத்தபோது, அந்த ஒரு நாள் கூட்டம் கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

வழி மூன்று: பழைய தளம், திருவிழா மைதானம்

மில்வாக்கி மைல் 1903 முதல் பந்தயம் காண்கிறது. 1 மைல், வளைவுச் சாய்வு 9.25 டிகிரி மட்டுமே. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தாக வேண்டிய தளம். மாநிலக் கண்காட்சி நடக்கும் மைதானத்துக்குள்ளேயே இருப்பதால் பார்க்கிங், கழிப்பறை, சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் ஏற்கெனவே உண்டு. அரசுச் சொத்து, வாடகைக்கு எடுத்து நடத்த வேண்டும்.

ஒரு காலத்தில் இண்டியானாபொலிஸ் 500க்கு அடுத்த வாரம் மில்வாக்கி என்பது எழுதாத சட்டம். 500இல் வென்றவரை அடுத்த வாரமே பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்பதே விளம்பரம். அந்தத் தேதி போனதும் எல்லாம் போயிற்று. 2010இல் பந்தயமே இல்லை. 2012இல் முன்னாள் ஓட்டுநர் மைக்கேல் ஆண்ட்ரெட்டியின் நிறுவனம் எடுத்து, உள்மைதானத்தில் ராட்டினமும் இசைக்குழுவும் வைத்து இண்டிஃபெஸ்ட் என்று நடத்தியது. யோசனை நல்லதுதான். ஆனால் 2012இலும் 2013இலும் ஜூன் நடுப்பகுதி, 2014இல் ஆகஸ்ட் 17, 2015இல் ஜூலை 12. அத்தோடு நின்றது. ஃபான்டானாவின் அதே நோய்.

2024இல் தொழிலாளர் தின வார இறுதியிலும், 2025இல் ஆகஸ்ட் 24லும் திரும்பி வந்தபோது புத்தி வந்திருந்தது. 2025இல் பெயர் கொடுத்தது விஸ்கான்சினின் கெனோஷாவைத் தலைமையகமாகக் கொண்ட கருவி நிறுவனம் ஸ்னாப்-ஆன். மெக்கானிக் பட்டறைக்குப் பட்டறை வேன் அனுப்பி விற்கும் கம்பெனி. பந்தயத்துக்கு வரும் ஆளும் அதன் வாடிக்கையாளரும் ஒருவரே. 2025இல் கிறிஸ்டியன் ராஸ்முசென் கடைசிக் கட்டத்தில் புதிய டயரோடு ஒவ்வொருவராகத் தாண்டி ஜெயித்தது, அடுத்த வருட டிக்கெட்டுக்கு யாரும் காசு கொடுத்து வாங்க முடியாத விளம்பரம்.

நகரத்துக்குள் இருக்கும் பழைய தளம், அரசு வாடகை நியாயமாக இருந்தால், கேட்வே வழிக்கு அடுத்த இடம் இதற்குத்தான். மாநிலக் கண்காட்சி நடக்கும் ஆகஸ்ட் முதல் பாதியில் மைதானம் கிடைக்காது என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

வழி நான்கு: நாஸ்காரின் தோளில் ஏறுவது

ஃபீனிக்ஸ் 2016 முதல் 2018 வரை மூன்று ஆண்டு ஏப்ரலில் தனியாக இண்டிகார் நடத்தியது. சனிக்கிழமை இரவு, பாலைவனக் குளுமை, எல்லாம் இருந்தும் கூட்டம் சேரவில்லை. அந்தக் காலத்துக் கார்களின் காற்றழுத்த அமைப்பால் 1 மைல் தளத்தில் முந்தவும் முடியவில்லை. 2026 அட்டவணையில் ஃபீனிக்ஸ் வேறு உருவில் வந்தது: மார்ச் 7 சனி இண்டிகார், மறுநாள் நாஸ்கார் கப்.

பண அபாயம் மிகக் குறைவு என்பது இதன் பலம். தளம் எப்படியும் திறந்திருக்கும், போலீசும் ஆம்புலன்சும் எப்படியும் இருப்பார்கள், வேன் வீடுகளில் வந்து முகாமிட்டவர்கள் வெள்ளி முதலே அங்கேதான். அவர்களில் ஒரு பங்கினர் சனிக்கிழமை கேலரிக்கு ஏறினாலே 2018ஐவிட நன்றாக இருக்கும். பலவீனமும் அதிலேயே இருக்கிறது: அது நாஸ்காரின் கூட்டம். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதையாக, இதை நம்பிச் சொந்தத் தேதியைக் கைவிட்ட தளம், நாஸ்கார் வாரத்தை மாற்றினால் நடுத்தெருவில் நிற்கும். இன்னொரு சின்ன விஷயம், கப் கார்களின் டயர் விட்டுப்போகும் ரப்பர் இண்டிகார் டயருக்கு ஒத்துவராது. பயிற்சியின் முதல் சில நிமிடங்களில் கார் வழுக்கும். அட்டவணையில் இண்டிகாரை முன்னால் போடுவது நல்லது.

இதைவிட மோசமானது டெக்சஸில் நடந்தது. நாஸ்காருக்காக வெளித்தடத்தில் ஊற்றிய பிடிப்புப் பசை இண்டிகார் டயருக்கு எண்ணெய் மாதிரி ஆனது. 2020 தொடங்கி இரண்டாம் தடம் செத்துக் கிடந்தது. அந்தக் கறை தேய்ந்து 2023 ஏப்ரலில் ஒருவழியாக அருமையான பந்தயம் நடந்தது, ஜோசஃப் நியூகார்டன் ஜெயித்தார். கூட்டமோ அதற்குள் கலைந்திருந்தது. தேதி ஒத்துவராமல் 2024இல் அட்டவணையிலிருந்தே போயிற்று. அதே டல்லாஸ் பகுதிக்கு 2026இல் இண்டிகார் திரும்பியது ஆர்லிங்டனின் தெருக்களுக்குத்தான்.

சீசன் முடிவு என்ற மயக்கம்

கடைசிப் பந்தயம் என்றால் சாம்பியன் பட்டம் அங்கே முடிவாகும், கூட்டம் அலைமோதும் என்று நினைப்பார்கள். நாஷ்விலின் 1.33 மைல் கான்கிரீட் தளம் 2024இல் செப்டம்பர் 15 அன்று கடைசிப் பந்தயத்தை நடத்தியது. அதே ஞாயிறு அதே நகரத்தில் டைட்டன்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணி சொந்த மைதானத்தில் விளையாடியது. செப்டம்பர் ஞாயிற்றில் அந்த விளையாட்டோடு மோதி ஜெயித்த வேறு எதுவும் அமெரிக்காவில் கிடையாது. 2025இல் ஆகஸ்ட் 31க்கு முன்தள்ளியது சரியான முடிவு. பட்டம் முன்கூட்டியே முடிவாகிவிட்டால் இந்தக் கவர்ச்சியும் இல்லை. 2025இல் பலோ கடைசிக்கு முன்பே பட்டத்தைக் கட்டிவிட்டார்.

இண்டியானாபொலிஸ் ஏன் உதாரணமாகாது

2016இல் நூறாவது 500 முழுவதும் விற்றது. 2025இலும் கேலரி இருக்கைகள் விற்றுத் தீர்ந்தன. உள்மைதானத்தோடு சேர்த்து சுமார் மூன்றரை லட்சம் பேர். இரண்டு முறையும், உள்ளூரில் நேரலையாகக் காட்டக்கூடாது என்ற டிவித் தடையை விலக்கினார்கள். இந்தக் கூட்டம் தளத்தால் வருவதில்லை. அதே தளத்தில் 1994இல் சுமார் இரண்டரை லட்சம் பேர் கூட்டத்தோடு தொடங்கிய நாஸ்கார் பிரிக்யார்ட் பந்தயம், 2008இல் பத்துப் பன்னிரண்டு சுற்றுக்கு ஒருமுறை டயர் கிழிந்த கூத்துக்குப் பிறகு வருடாவருடம் மெலிந்தது. 500இன் கூட்டம் இருக்கை உரிமையால் வருகிறது. இந்த வருடம் உட்கார்ந்த இடத்தை அடுத்த வருடமும் அவரே புதுப்பிக்கலாம். தாத்தா வாங்கிய இடத்தில் பேரன் உட்கார்கிறான். தேதி வழக்கமாக மே கடைசியில் வரும் நினைவு நாளுக்கு முந்தைய ஞாயிறு. இளைஞர்களுக்கு மூன்றாம் வளைவுக்குள் தனிக் கச்சேரி. அவர்களில் பாதிப் பேர் ஒரு காரைக்கூடப் பார்க்காமல் வீடு திரும்புவார்கள், அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. நூறு வருடத்தில் கட்டியதை மூன்று வருட ஒப்பந்தத்தில் நகலெடுக்க முடியாது. எடுத்துக்கொள்ளக்கூடியது இருக்கையைப் புதுப்பிக்கும் முறை ஒன்றுதான். அதற்குச் செலவும் இல்லை.

மழை

ஓவலில் ஈரத்தில் ஓட மாட்டார்கள். சாய்வில் அந்த வேகத்தில் மழை டயரும் உதவாது. 2.5 மைல் இண்டியானாபொலிஸைக் காய வைக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். 2024இல் பந்தயம் நான்கு மணி நேரம் தாமதமானது. டெக்சஸ் 2016இல் சனியிலிருந்து ஞாயிறுக்குத் தள்ளி, 71 சுற்றில் மறுபடி மழையால் நின்று, மிச்சத்தை ஆகஸ்ட் 27இல் ஓட்டினார்கள். ரேஹல் 0.0080 விநாடியில் ஜெயித்த அபூர்வ முடிவைப் பார்க்க ஜூன் கூட்டத்தில் சொற்பமே திரும்பி வந்தது.

ஆகவே எந்த வழியானாலும் டிக்கெட்டிலேயே அச்சிட வேண்டியது: தள்ளிப்போனால் அதே டிக்கெட் மறுநாளுக்கும் செல்லும், மறுநாளும் வர முடியாவிட்டால் அடுத்த வருடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். விளக்குகள் உள்ள தளம் என்றால் மாலை 5 மணித் தொடக்கம் ஆறு மணி நேர அவகாசம் தரும். விளக்கில்லாத மில்வாக்கியில் மதியம் 1 மணிக்கு மேல் தொடங்குவதே சூதாட்டம்.

எந்தத் தளத்துக்கு எது

50,000க்குக் குறைவான இருக்கை, பெரிய நகரத்திலிருந்து அரைமணி, தளம் சொந்தம், விளக்கு உண்டு: கேட்வே வழி. உள்ளூர் ஸ்பான்சரோடு குறைந்தது மூன்றாண்டு ஒப்பந்தம், சனி மாலை. தொடரோடு பேசும்போது கட்டணத்தைக் குறைக்கச் சொல்வதைவிட, தேதியை மூன்று வருடத்துக்கு எழுதி வாங்குவதில் பிடிவாதம் பிடியுங்கள்.

பெரிய நாஸ்கார் தளம், 70,000க்கு மேல் இருக்கை: ஃபீனிக்ஸ் வழி, வேறு வழியில் இறங்கவே வேண்டாம். தனியாக நடத்தியே தீர வேண்டுமானால் எதிர்ப்பக்க கேலரியை மூடி, வளைவுகளின் ஓரப் பகுதிகளை விற்பனைக்கே விடாமல், நேர்பாதை கேலரியை மட்டும் விற்க வேண்டும். அதுவும் மேலிருந்து கீழாக.

சின்ன ஊர், பெரிய ஸ்பான்சர்: அயோவா வழி பலிக்கும், ஸ்பான்சர் இருக்கும்வரை. அப்படி இறங்கினால் நான்கு கச்சேரிக்குப் பதில் ஒன்று, அதுவும் பந்தயத்துக்குப் பிறகு. பந்தயத்துக்கு மட்டும் தனி டிக்கெட்டும் வேண்டும். கச்சேரி நின்ற வருடம் திரும்பி வரப்போவது அதை வாங்கியவர்கள்தான்.

முதல் வருடம் முடிந்த இரவே, வெளியே போகும் வாசலில், அதே இருக்கைக்கு அடுத்த வருட டிக்கெட் விற்கும் மேசை இருக்க வேண்டும். தேதி அச்சான சீட்டோடு.